நாணலும் பீங்கான் வாத்துகளும்

விருத்தாசலத்தில் நான் குடியிருந்த அறைக்குப் பின்னால், கொல்லை என்று பெயருக்கு இருந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டால் சத்தம்தான் வரும். கப்பின் காது, ப்யூஸ் கட்டையின் பாதி, யானைத் தும்பிக்கை, தலை போன பிள்ளையார் என்று உடைந்த பீங்கான் முழ ஆழத்துக்குக் கிடந்தது. சூளையிலிருந்து விரிசலோடு வந்ததையெல்லாம் எங்கள் பக்கத்தில் கொல்லையில்தான் கொட்டுவார்கள். வெறுங்காலோடு யாரும் அங்கே நடக்க மாட்டார்கள். கோழிகூடக் கிளறாது.

வீட்டுக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாளை அக்கா என்றும் அவர் கணவரை மாமா என்றும் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவர்கள் சின்னச் சின்ன பீங்கான் பொம்மைகள் செய்தார்கள். வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சுகளில் ஊற்றுவது என் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சீவி, முதல் சூட்டுக்குப் பிறகு அதைக் கிளேஸில் முக்கி எடுப்பது அக்கா. கிளேஸ் என்பது பார்வைக்கு மோர் மாதிரி இருக்கும். இரண்டாவது சூட்டில் உருகி, பொம்மையின் மேல் கண்ணாடித் தோலாகப் படியும். சூளை மாமாவின் பொறுப்பு. அதன் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, அவரும் தேவைக்குத்தான் பேசுவார்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுச் சேத்தியாத்தோப்பில் லாரி ஏறியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் செங்கல் சூளை, ஒடிசாவில் பாலம் கட்டும் வேலை. காய்ச்சல் வந்தால் தகரக் கொட்டகையில் படுத்துக் கிடப்பேன், விட்டால் எழுந்து வேலைக்குப் போவேன். ஒரு ஊரில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். அப்படிச் சுற்றியதில் நீலகிரி மலையில் ஒரு பெரிய விடுதியின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் பார்த்தேன். அங்கே பூச்செடி வைக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் புல் வைத்திருந்தார்கள். இடுப்புயரப் புல். அது கதிர் விட்டதும் வந்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விமானத்தில் வந்த புல் என்று மேஸ்திரி சொன்னார். மிதித்தால் தொலைத்துவிடுவேன் என்றார்.

எனக்கு அதைப் பார்த்ததும் மணிமுத்தாறுதான் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பாலத்துக்குக் கீழே, சாக்கடைத் தண்ணீருக்கும் கருவேலத்துக்கும் நடுவில் கேட்பாரில்லாமல் நிற்கிற நாணல் இதைவிட ஆள் உயரம் கூடுதல். ஒடிசாவில் பாலம் கட்டிய ஆற்றில் நாணல் பூத்த ஒரு காலைநேரம் எனக்கு மறக்காது. தூணின் உச்சியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் கீழே பார்த்தேன். தண்ணீரைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை, அதுவும் நகர்கிற வெள்ளை. கையிலிருந்த கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து மேற்பார்வையாளர் திட்டியது நெடுநேரம் காதில் விழவில்லை. காசு கொடுத்து விமானத்தில் புல் கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அந்த மலையில் நின்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் ஊருக்குத் திரும்பி இந்த அறையில் குடிவந்ததும் ஆற்றில் இறங்கி ஒரு தூர் நாணலைத் தோண்டினேன். தோண்டினேன் என்று சொல்வது எளிது. மேலே நான்கு தாள் நிற்கிற இடத்தில் கீழே விரல் தடிமன் வேர்த்தண்டுகள் எல்லாத் திசைக்கும் போகின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் தூரத்தில் வேறொரு புதர் அசைகிறது. இடுப்பு கழன்ற பிறகு ஒரு துண்டு கிடைத்தது. சிமென்ட் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

தெருவில் பார்த்தவர்கள் மாட்டுக்கா என்று கேட்டார்கள். மாடு இல்லை என்றேன். வீட்டில் மாமா சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

“இன்னா மாப்ள இது?”

“நாணல் மாமா. பூவுக்கு வெக்கலாம்னு.”

“பூவுக்கா?” அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். “இந்தா, இங்க வா. ஆத்துல கெடக்கிறத வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்துருக்கான் பாரு. அடுத்த வாரம் கருவேலம் கொண்டாருவான். அப்பறம் நாம ஆத்துல போய்க் குடியிருக்கலாம், அங்க காலியா இருக்கும்.”

அக்கா எட்டிப் பார்த்தார். “பாம்பு வரும் தம்பி.”

“அந்த ஓட்டாஞ்சில்லு மேல பாம்பு எப்படிக்கா வரும்? வவுறு கிழிஞ்சிடும்.”

அதை அவர் ஒப்புக்கொண்டார். சில்லுகளை ஒதுக்கி, குழி எடுத்து, ஆற்று மண்ணோடு நட்டேன்.

தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு. குழாயில் வருவது குடிக்கவும் கூழ் கரைக்கவுமே சரியாகப் போகும். அதனால் கூழ் கரைக்கிற தொட்டியைக் கழுவிய தண்ணீரை நாணலுக்கு ஊற்றினேன். பால் போல வெள்ளையாக இருக்கும். அரிசி கழுவிய நீர் செடிக்கு நல்லது என்றால் இதுவும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேறு ஊர்க்காரனுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது, அவன் வீட்டில் அந்தத் தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு நாளும் ஊற்றியதில் களிமண் படிந்து படிந்து தூரைச் சுற்றித் தட்டு வைத்த மாதிரி இறுகிவிட்டது. வெயிலில் காய்ந்ததும் தட்டினால் டங் என்றது. தாள்கள் பழுத்தன. மாமா அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “சூளையில வெச்சா நல்ல தட்டா வரும், புல்லு டிசைனோட” என்றார்.

நான் கைவிட்டேன். உடைத்துப் போடவும் சோம்பலாக இருந்தது. ஒரு காலையில் பல் விளக்கப் போனபோது அந்தத் தட்டின் ஒரு சில்லு மூடி திறந்த மாதிரி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். அடியில் ஊசி போல ஒரு முளை. நகத்தால் அழுத்தினால் நசுங்கிவிடும் அளவுக்கு இளசு. அது அந்தக் கனத்தை எப்படித் தூக்கியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் அந்தச் சில்லைக் கையால் எடுத்தேன், கனமாகத்தான் இருந்தது.

வெயில் காலத்தில் தெலங்கானாவுக்குக் குழி தோண்டும் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாணல் காய்ந்த வைக்கோலாக நின்றது. முதல் மழை விழுந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அடியிலிருந்து பச்சை கிளம்பியது. ஆடி பிறப்பதற்குள் என் தலைக்கு மேல் போய்விட்டது. தாளின் ஓரம் கண்ணாடி மாதிரி அறுக்கும். காலையில் தாள் நுனிதோறும் ஒரு சொட்டு நீர் நிற்கும். காற்று வீசினால் மழைச் சத்தம் கேட்கும், வானத்தில் மேகம் இருக்காது. நான் இரண்டு தடவை துணி எடுக்க ஓடியிருக்கிறேன்.

ஆவணியில் சில கதிர்கள் வந்தன. முதலில் ஊதா. பட்டுத் துணியை மடித்து வைத்த மாதிரி உறைக்குள்ளிருந்து வந்தது. வெயில் பட்டுப் பட்டு வெள்ளையாகிப் பஞ்சு கட்டியது. நான் வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்தேன்.

அந்தச் சமயம்தான் கொட்டகையில் வாத்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. கொலு வைக்கிறவர்கள் படிக்குக் கீழே பார்க் அமைப்பார்கள். கண்ணாடியைக் குளமாக வைத்து அதில் வாத்து விடுவார்கள். அந்த வாத்து எங்களுடையது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி வருஷா வருஷம் எடுப்பார். அக்காவுக்கும் மாமாவுக்கும் அந்த ஒரு வேலைதான் வருஷத்தின் பெரும்பாதிக்குச் சோறு.

அந்த வருஷம் ஒரு சூளை திறந்தபோது வாத்துகளெல்லாம் அம்மை போட்டு நின்றன. வெள்ளை முதுகில் ஊசிமுனைக் குழிகள், சிலதில் கீறல் மாதிரி கோடு. மாமா சூட்டின் மேல் சந்தேகப்பட்டார். அக்கா மண்ணின் மேல் சந்தேகப்பட்டார். இருவரும் ஒருநாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் அக்கா கிளேஸ் அண்டாவில் முக்கிய ஒரு வாத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஈர வெள்ளையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை இழையை நகத்தால் எடுத்தார். அதை விரலில் வைத்துக்கொண்டு அப்படியே நடந்து கொல்லைக்கு வந்தார். நான் அப்போது பூவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“இது யாரு மயிரு தம்பி?” என்றார்.

பஞ்சு பறந்து அண்டாவில் விழுந்திருக்கிறது. வெயிலில் காயப் பலகையில் அடுக்கி வைத்த வாத்துகளின் மேலும் விழுந்திருக்கிறது. வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது. சூட்டில் இழை எரிந்துபோன இடத்தில் கிளேஸ் மூடாமல் குழியாகிவிடுகிறது.

“அண்டாவ மூடி வெச்சிட்டா?” என்றேன்.

“மூடிட்டு எதுல முக்கறது, உன் தலையிலயா?”

அன்றைக்கே கதிர்களை அறுத்தேன். தூரையும் எடுத்துவிடச் சொன்னார் அக்கா. கடப்பாரை போட்டேன். மாமாவும் வந்தார். சில்லுகளுக்கு நடுவே, உடைந்த கப்புகளின் காதுக்குள் நுழைந்து, பிள்ளையார் வயிற்றுக்குள் சுற்றி, வேர் போயிருந்தது. ஒரு யானையின் வாய் வழியாகப் போய் வயிற்றை உடைத்து வெளியே வந்திருந்தது. மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

“இத எடுக்கணும்னா வூட்டயே எடுக்கணும்” என்றார்.

அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். “சரி கெடக்கட்டும். ஆனா தம்பி, வர்ற வருசம் கதிரு தலைய நீட்டினா அன்னிக்கே அறுக்கணும். அந்தப் பாண்டிக்காரரு இந்த மாதிரி அம்ம போட்ட வாத்தப் பாத்தாருன்னா நம்ம வாசப்படி ஏற மாட்டாரு.”

ஒப்புக்கொண்டேன். வேறு வழி என்ன.

வெட்டிப்போட்ட தாள்கள் குவிந்து கிடந்தன. மாமா ஒருநாள் அதில் ஒரு பிடியை எரித்துச் சாம்பலை ஒரு ஓட்டுச் சில்லின் மேல் பரப்பிச் சூளையின் மூலையில் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றார். சூளை ஆறித் திறந்தபோது அந்தச் சில்லில் சாம்பல் இல்லை. பாசி நிறத்தில் கண்ணாடி இருந்தது. உறுதியான, வழுவழுப்பான கண்ணாடி. அதைத் தடவிப் பார்த்தேன். மணலுக்கடியிலிருந்து ஏதோ ஒன்றை உறிஞ்சித் தன் ஓரத்தில் கத்தியாக வைத்திருந்த புல், சூட்டில் இப்படி ஆகிவிட்டது. கிளேஸ் அரைக்கிறபோது நாங்கள் வாங்கிப் போடுகிற வெள்ளைக்கல் தூளும் இதுதான், புல் அதை மண்ணிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறது என்று மாமா மெல்லச் சொன்னார். சூளைப் பக்கத்தில் அவர் தானாகப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

அடுத்த வருஷம் நான் எங்கேயும் போகவில்லை. வேலை ஒன்று ஓசூரில் வந்தது, வேண்டாம் என்றேன். பூவை அறுக்க ஆள் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை நன்றாக இருந்தது. நாணல் கொல்லையின் பாதியைப் பிடித்துவிட்டது. ஆவணியில் ஒருநாள் பார்த்தால் தாள்களுக்கு நடுவே உறைகள் பருத்து நின்றன, எண்ணி மாளாது. கொட்டகையில் வாத்துகள் முதல் சூடு முடிந்து பலகை பலகையாக அடுக்கியிருந்தன.

கதிர் தலை நீட்டிய அன்று அரிவாளைத் தீட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டே போனார். இப்போது ஊதாவாகத்தான் இருக்கிறது, பஞ்சு கட்ட நாள் ஆகும், நாளைக்கு அறுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் வெள்ளை வர ஆரம்பித்தது. இனி தள்ள முடியாது.

விடிவதற்குள் அறுத்துவிடலாம் என்று எழுந்தேன். அக்கா கண்ணில் படாமல் முடித்துவிட்டால் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அரிவாளோடு கொல்லைக் கதவைத் திறந்தால் கொட்டகையில் பல்பு எரிகிறது. அக்கா உட்கார்ந்து வாத்துகளை முக்கிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடிந்து உள்ளே பலகையில் இருந்தன.

“என்னக்கா இந்நேரத்துல?”

“தூக்கம் வரல.” அவர் தலை நிமிரவில்லை. “போய்ப் பூவத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். கதிர் பனியில் நனைந்து, ஈரத் தலைமுடி மாதிரி ஒட்டிக் கிடந்தது. உதறினாலும் ஒரு இழை பிரியவில்லை.

“நேத்து பூரா பாத்துக்கினே இருந்தேன்” என்றார் அக்கா. “பனி காயற வரைக்கும் அது வாயத் தொறக்கறதில்ல. வெயிலு ஏறுனாத்தான் ஆட்டம் போடுது. அதுக்குள்ள நான் அன்னன்னிக்கு வேலய முடிச்சிட்டு உள்ள வெச்சு கதவ சாத்திடறேன்.”

“அப்ப அறுக்க வேணாமாக்கா?”

“இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பாக்கலாம்.”

அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்தது. சூரியன் சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எழும்பி, பக்கத்து இன்சுலேட்டர் கம்பெனியின் தகரக் கூரையைத் தாண்டி கொல்லைக்குள் விழுந்தது. முதலில் மேல் கதிர்கள், பிறகு கீழ்க் கதிர்கள். ஒவ்வொன்றாகப் பனி விட்டு விரிந்தது. ஒட்டிக் கிடந்தது உப்பி, உப்பி, கொல்லை முழுக்க வெள்ளையாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே வெளிச்சம் ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. அக்கா பலகையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கையில் கிளேஸ் காய்ந்த வெள்ளையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். மாமா பல்குச்சியோடு வந்தார், அவரும் நின்றுவிட்டார். டீக்குப் பால் வாங்கப் போக யாருக்கும் நினைப்பு வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். விடிவதற்கு முன் நான் அண்டாவைக் கலக்கி மெல்லிய துணியில் வடித்துத் தருவேன், அக்கா முக்குவார். வெயில் ஏறுவதற்குள் கதவு சாத்தப்படும். சாத்திய கதவின் இடுக்குகளில் ஈரச் சாக்கைத் திணிப்போம். உள்ளே காற்றில்லாமல் கிளேஸ் காய நேரம் எடுத்தது. அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது. தூக்கமில்லாமல் மதியம் உட்கார்ந்த இடத்தில் தலை சாய்ந்தது. “உன் பூவுக்கு நான் வேலக்காரி ஆயிட்டேன்” என்று இடையிடையே திட்டினார். அறுத்துவிடட்டுமா என்று கேட்டால், “நாளைக்கு” என்றார். மேல்காற்று பலமாக அடித்த நாட்களில் நான் இடுக்குச் சாக்கை இரண்டு தடவை நனைத்தேன். முதல் சூளை திறக்கும்போது நான் பக்கத்தில் போகவில்லை. மாமா ஒரு வாத்தை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். சுத்தமாக இருந்தது. இன்னும் சூடு போகாமல், முட்டை மாதிரி.

கடைசிச் சூளையை அடுக்கி முடித்த அன்று மாமா வாசலைச் செங்கல் வைத்து அடைத்துச் சேறு பூசினார். பர்னர் பற்றிக்கொண்டது. இனி எந்தப் பஞ்சும் எந்த வாத்தையும் தொட முடியாது. அக்கா சேறு காய்கிற வரை பார்த்துவிட்டுப் போய்க் கொட்டகைக் கதவை இரண்டு பக்கமும் திறந்தார். பிறகு கொல்லைக்கு வந்து, “போ” என்றார் நாணலைப் பார்த்து.

அது சொல்லி வைத்த மாதிரி நடக்கவில்லை. காற்று இல்லாமல் வெகுநேரம் சும்மா நின்றது. பிற்பகலில்தான் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. கதிர்கள் எல்லாம் ஒரே பக்கம் படிந்தன. பஞ்சு கழன்று கழன்று கொட்டகைக்குள் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. வந்தது நேராகப் போகவில்லை. சூளைச் சுவரை நெருங்கியதும் அனலில் மாட்டி அப்படியே மேலே திரும்பியது. புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளையாக, ஆயிரமாயிரமாக, நேரே வானத்துக்கு ஏறியது. கீழே தீ, அதன் மேலே பூ ஏறிக்கொண்டிருக்கிறது. தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். மின்கம்பிக்கு மேலே, காக்கைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரம் வரை அது போயிற்று. மலையில், ஆற்றில், ரயில் ஜன்னலில் என்று எவ்வளவோ பார்த்தவன் நான். பூ வானத்துக்கு ஏறி அன்றுதான் பார்த்தேன்.

“எங்க போயி வுழுமோ” என்றார் அக்கா, கழுத்தை நிமிர்த்தியபடி. “எவ கிளேஸு அண்டாவுலயோ. நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்.”

மாமா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். “கருவேப்பிலங்குறிச்சி பக்கம் போவுது. அங்க சூளை இல்ல, நெல்லுதான்.”

சூளை ஆறித் திறந்தபோது அக்கா ஒவ்வொரு வாத்தாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வைத்தார். எல்லாம் தேறின. ஒன்றின் முதுகில் மட்டும் ஊசிமுனையளவு ஒரு குழி இருந்தது. என் முகம் மாறியதை அவர் பார்த்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அந்தக் குழியைத் தடவினார்.

“இது உன் பூவு இல்ல தம்பி” என்றார். “சேல நூலு வுழுந்திருக்கும். என்னுதுதான்.”